வளர்க்கும் நாயினால் மனிதருக்குப் புழுநோய் உண்டாகுமா?



குழந்தை வயிறு உப்பி மெலிந்துபோனால், "நாயோடு புரண்டு விளையாடினான், புழு தொற்றிக்கொண்டது" என்று வீட்டார் தீர்மானித்துக் கோலெடுத்து நாயை விரட்டுவது கிராமங்களில் காணும் வழக்கம். நாய்க்கு வாய்ப்பேச்சு இருந்தால் தன் கட்சியை எடுத்துரைக்கும். கிராமக் குழந்தைகளின் வயிற்றில் பெரும்பாலும் காணப்படும் நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி, கொக்கிப்புழு ஆகியவை மனிதரிடமிருந்து மனிதருக்கே வருவன. வெட்டவெளியில் மலங்கழிப்பதும், கை கழுவாமல் உண்பதும், அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடப்பதுமே அவற்றிற்குக் காரணம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் ஜவ்வாது மலைக் கிராமங்களில் ஆராய்ந்தபோதும், மக்களிடம் மிகுதியாகக் கண்ட கொக்கிப்புழு மனிதருக்கே உரிய இனமாயிருந்தது.

ஆயினும் நாயும் பூனையும் முற்றிலும் குற்றமற்றவை என்று விட்டுவிடுவதற்கில்லை. நாய்க்குட்டி தாயின் வயிற்றிலிருக்கும்போதே அதன் உடலில் ஒருவகை உருண்டைப்புழு புகுந்துவிடுகிறது. குட்டியின் மலத்தோடு வெளிவரும் முட்டை அன்றே தீங்கு செய்யாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவமான பிறகே தொற்றும். மண் தின்னும் குழந்தை அதை விழுங்கினால், குஞ்சுப் புழு குடலைத் துளைத்து ஈரலுக்கும் நுரையீரலுக்கும் செல்லும். சிற்சில சமயம் கண்ணுக்குட் புகுந்து பார்வையைக் கெடுக்கும். பூனையின் புழுவும் இவ்வாறே. ஆகவே வாசலில் கிடக்கும் மலத்தை அன்றன்றே வாரிப் புதைக்கும் வீட்டில் இந்தப் பயம் பெரிதும் நீங்குகிறது. நாயின் கொக்கிப்புழுவோ, ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலுள் நுழைந்து, வளைந்து வளைந்து செல்லும் சிவந்த கோடாக ஊர்ந்து, பொறுக்கமுடியாத நமைச்சலை உண்டாக்கும். உயிருக்கு அபாயமில்லை; வைத்தியரிடம் மருந்துண்டு.

இனி அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய புழு வேறொன்று. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் மணிலாக்கொட்டை பிடுங்கிய கொல்லைகளில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவது பழைய வழக்கம். கிடைக்குக் காவல் நாய். பண்டிகைக்கோ நேர்த்திக்கடனுக்கோ ஆடு வெட்டும்போது சில ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த வெண்மையான கட்டிகள் காணப்படும். வெட்டுகிறவர் அதைக் கண்டு, "இது மனிதர் தின்னத்தகாதது" என்று அறுத்தெடுத்து, அருகில் காத்திருக்கும் நாய்க்கு எறிந்துவிடுகிறார். மனிதருக்கு ஆகாதென்று எறிந்த அதே பொருள்தான் மனிதரிடம் திரும்பி வருகிறது.

அந்தக் கட்டியின் நீரில் நாடாப்புழுவின் தலைகள் எண்ணற்றவை மிதக்கின்றன. நாயின் குடலில் ஒவ்வொரு தலையும் ஒரு புழுவாகிறது. நாடாப்புழு என்றாலும் ஓர் அரிசியின் நீளத்திற்கு மேல் இராது. ஏழு வாரமளவில் முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும் தண்ணீரிலும் கீரைப்பாத்தியிலும் சிதறும். நாயின் மயிரிலும் ஒட்டியிருக்கும். புல்லோடு ஆடு விழுங்கினால் ஆட்டுக்குக் கட்டி. நாயைத் தடவிய கையோடு சோறுண்ணும் மனிதர் விழுங்கினால் மனிதருக்குக் கட்டி. ஆட்டிறைச்சி தின்பதனால் இந்நோய் வருமென்று சிலர் அஞ்சுவது தவறு. கட்டியுள்ள ஈரலைத் தின்பதாலும் இது மனிதருக்கு வராது. நாயின் வழியாகவே வரும். இறைச்சியே தொடாதவருக்கும் ஆகவே இது வரக்கூடும்.

ஹைடாடிட் எனப்படும் இந்நீர்க்கட்டி நோய் இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் பிரதேசங்களில் தமிழ்நாடும் ஆந்திரமும் முன்னிற்கின்றன என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. கட்டி பல வருஷகாலம் சத்தமில்லாமல் வளரும். வலது விலாவின்கீழ் கனமும் வலியும் தோன்றும்போது அது தேங்காயளவு ஆகியிருப்பதுமுண்டு. உள்ளே உடைந்தால் உயிருக்கே மோசம். 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இதைக் கரைக்காது. அதே மருந்தை வைத்தியர் மேற்பார்வையில் நெடுநாள் உண்ணவேண்டும். பலருக்கு அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது செலவின்றி நடந்தாலும், படுத்திருக்கும் மாதங்களுக்குக் கூலியில்லை, பயிர் கவனிப்பாரின்றிப் போகும், தவணை தவறும். சங்கத்துப் புத்தகத்தில் அது தவணை கடந்த பாக்கியென்று மட்டுமே பதிவாகும். ஈரலில் இருந்த கட்டியே அதற்குக் காரணமென்று எந்தப் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை.

நாய்களையெல்லாம் ஒழித்துவிட்டால் தீர்ந்ததென்று சிலர் சொல்வர். சட்டம் அதற்கு இடந்தராது. கிடைக்குக் காவலும் இராது. ஐஸ்லாந்து என்னும் குளிர்ந்த தீவில், ஆட்டையே நம்பி வாழ்ந்த குடியானவர்களிடையே இந்நோய் மிகக் கொடுமையாகப் பரவியிருந்தது. 1863-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்டு கிராபே அங்கு சென்று நாய்களின் குடலைச் சோதித்தார். பிறகு அவர் எழுதிய சிறு புத்தகம் வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. 1869-ல் நாய்களைப் பற்றிய சட்டமும் பிறந்தது. கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்குப் போடாமலிருக்க மக்கள் பழகினர். நாய்களுக்கு மருந்து கொடுத்தனர். அடுத்த நூற்றாண்டில் நோய் அத்தீவை விட்டே அகன்றது.

இக்காரியம் ஒரு வீட்டார் மட்டும் செய்து முடிவதன்று. நாய் வேலி பார்த்துத் திரிவதில்லை. 1904-ல் திரூரில் முதற் சங்கம் பதிவான காலத்தில் கிராம நாணயச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பு விதிக்கப்பட்டிருந்தது. ஒருவர் தவறினால் எல்லோரும் ஈடு செய்யவேண்டும். இந்தப் புழுவின் விஷயத்திலும் பொறுப்பு அத்தகையதே. ஆடு வெட்டும் இடத்தருகில் மூடியுள்ள ஆழமான குழியொன்றைச் சங்கத்தார் வெட்டிவைத்தால், கட்டியுள்ள ஈரலும் நுரையீரலும் நாய் தோண்டாதபடி அதில் புதையும். குழிக்கு வசதியில்லாத இடத்தில் அவற்றை அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்தால் புழுவின் தலைகள் மடியும்.

நாய்க்கு வருஷத்தில் நான்கு தடவையாவது பிராசிகுவாண்டெல் என்னும் மருந்து கொடுக்கவேண்டும். எடையைப் பார்த்து அளவு சொல்லவேண்டியிருப்பதால் கால்நடை மருந்தகத்தில் கேட்டே கொடுக்கவும். உருண்டைப்புழுவுக்குக் குட்டிகளுக்கு வேறு மருந்துண்டு. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே தொடங்கவேண்டும். பிராசிகுவாண்டெல் புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்லாது. ஆதலால் மருந்து கொடுத்த நாயை இரண்டு நாள் ஓரிடத்திற் கட்டிவைத்து, அதன் மலத்தை எருக்குழியிற் சேர்க்காமல், எரித்துவிடவோ ஆழப் புதைத்துவிடவோ வேண்டும்.