பரிசின் அருமையும் பிள்ளைகளின் முயற்சியும்

(சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது கல்வி நிதியினின்று வழங்கும் சிறு பரிசுகளை நிறுத்தி, ஜில்லா முழுமைக்கும் ஒரேயொரு தங்கப்பதக்கம் அளித்தால் பிள்ளைகள் அதிக ஊக்கத்துடன் உழைப்பார்களென்று ஒரு பிரேரணை நம் முன் வந்திருக்கிறது. பொருள் அரிதாயின் அதன்மேல் விருப்பம் பெருகுமென்பது கடைத்தெருவில் உண்மையே. பரீட்சை மண்டபத்திலும் அஃது உண்மையாகுமா?

இந்திய அரசாங்கத்தின் சிவில் சர்வீஸ் பரீட்சையை நோக்குவோம். 2023-ஆம் வருஷத்து முதனிலைப் பரீட்சைக்கு விண்ணப்பித்தோர் 10,16,850 பேர். எழுத வந்தோர் 5,92,141 பேரே. ஏனைய நாலேகால் லட்சம் பேர் மண்டபத்தின் வாயிலையே மிதிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் மனந்தளர்ந்து நின்றவர்களென்று சொல்லத் துணியோம். கட்டணம் 100 ரூபாய்; பெண்களுக்கு அதுவுமில்லை. போட்டுத்தான் வைப்போமே என்று விண்ணப்பித்தவரும் பலர் இருப்பர். ஆயினும், எழுதியவருள் ஏறக்குறைய 583 பேருக்கு ஒருவராக, 1,016 பேரே முடிவில் தேறினர். இக்கணக்கை அறிந்த நடுத்தர மாணாக்கன் எத்தனை இரவு கண்விழிப்பான்? நேர்முகத் தேர்வை எட்டியவர் 2,855 பேர். அங்கே மூவரில் ஒருவருக்கு வெற்றி கிட்டுமாதலின், அவர்கள் உறக்கம் மறப்பதில் வியப்பில்லை. பரிசின் அருமை அதனை அணுகியவனையே தூண்டுகிறது.

கூட்டத்தின் பெருக்கமே சோர்வு தருவதும் உண்டு. கார்ஸியா, டோர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2009-இல் வெளியிட்ட சோதனையொன்றில், மாணாக்கர் சிலரிடம் போட்டியாளர் 10 பேரென்றும், வேறு சிலரிடம் 100 பேரென்றும் கூறி ஒரு சிறு வினாத்தாளைக் கொடுத்தனர். விரைந்து முடிக்கும் ஐந்திலொரு பங்கினருக்குப் பரிசு. ஆகவே வாய்ப்பு இருசாராருக்கும் ஒன்றே. எனினும், பத்துப்பேரென்று கேட்டவர்களே விரைந்து முடித்தார்கள்.

நம் குடும்பங்களில் தாய் தந்தையர் காணாத வகுப்பில் முதன்முதலாகச் சென்று அமரும் பிள்ளைகள் உளர். ஜில்லாவுக்கு ஒரு பதக்கமெனில், அது யாரோ ஒருவருக்கென்று முதல் நாளே அவர்கள் கைவிட்டுவிடுவார்கள். பதக்கமே வேண்டாமென்பது எம் கருத்தன்று. அதனை வெள்ளியிற் செய்விப்போம். தங்கத்தின் விலை தாங்கள் அறியாததன்று. மிஞ்சும் தொகையில் ஊர்தோறும் ஒரு பரிசும், சென்ற வருஷத்தினும் மார்க்கு உயர்ந்த பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல புத்தகமும் வழங்கலாம். பிரேரணையை இவ்வாறு திருத்தி வாக்கெடுக்குமாறு அக்கிராசனாதிபதி அவர்களை வேண்டிக்கொள்ளுகிறோம்.