தொழிற்சாலையும் லயமும்

ஹற்றனிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்வோர் கண்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலைகள் தொலைவிலேயே தென்படும். பல மாடிகளும் வரிசை வரிசையான சன்னல்களும் அவற்றின் அடையாளம். கொழுந்து வாடுவதற்குக் காற்று வேண்டும்; அதன் பொருட்டே அத்தனை மாடிகளும் சன்னல்களும் அமைந்தன. மேலே வாடிய கொழுந்து கீழே இறங்கி, உருளைகளில் அரைபட்டு, நொதித்து, சூட்டில் உலர்ந்து, சலிக்கப்பட்டுத் தேயிலைத் தூளாகின்றது.

கண்டி நகருக்கு அண்மையில், ஹந்தானை மலைச்சாரலில், 1925ஆம் ஆண்டில் எழுந்த அத்தகைய தொழிற்சாலை ஒன்று பின்னர் மூடப்பட்டு, ஆண்டுகள் பல பாழாய்க் கிடந்தது. அதனைச் செப்பனிட்டு, 2001ஆம் ஆண்டில் தேயிலை நூதனசாலையாகத் திறந்தனர். பழைய உருளைகளும் உலர்த்தும் பொறிகளும் இயந்திரங்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவும் அங்கே போற்றப்படுகின்றது. கோப்பிப் பயிரை இலைநோய் அழித்த காலத்தில் இலங்கையின் பொருளாதாரத்தைத் தாங்கி நின்றது அந்தத் தேயிலையே.

ஆயினும், பொறிகள் தாமாகக் கொழுந்து பறிப்பதில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து, காடழித்து, கூடை சுமந்த மக்களின் கதையை நாடுவோர் கம்பளைக்கு அருகிலுள்ள பரதெக்கவுக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தின் பழைய லயக் குடியிருப்பொன்று, 2007ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாயிற்று. ஒரு குடும்பம் முழுவதும் உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்த சிற்றறையே அங்கு முதற் காட்சிப்பொருள். வீட்டுப் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், படங்கள், பழைய ஆவணங்கள் ஆகியன அதனைச் சூழ்ந்துள்ளன.

ஆவணம் என்பது இம்மக்களுக்கு வெறுங் காகிதமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், தாம் இந்நாட்டவர் என்பதை எழுத்தாற் காட்டவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. உறவினர் கடலின் இரு கரைகளிலும் பிரிந்தனர். எஞ்சிய நாடற்றோருக்கு வழிசெய்த சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

லய அறைகள் மறைந்து, தனி வீடுகள் எழவேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. மனிதர் வாழ்வதற்கு அவை தகுந்தவையல்ல. அதனாலேயே அவற்றுள் ஒன்றையேனும் காத்தல் அவசியமாகின்றது. புது வீட்டிற் பிறக்கும் பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் வாழ்வைச் சொல்லிப் புரியவைப்பது அரிது. அந்த அறைக்குள் ஒரு கணம் நிறுத்தினால் அது தானாகவே விளங்கும். பரணிற் கிடக்கும் பழைய கூடையையும் பெட்டியடியிற் கிடக்கும் மங்கிய சீட்டையும் எறிந்துவிடுமுன், அவை எவருடைய வரலாறு என்பதை இல்லத்தார் எண்ணிப் பார்த்தல் நன்று.