காற்றைக் கல்லாக்கும் கணிப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டுக்கு அருகே கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இன்றைய பேச்சின் பொருளைக் கூறினேன். "காற்றை அழுத்தினால் கல்லாகுமா, ஐயா? மூட்டை கட்டி விற்றுவிடலாமே!" என்று நகைத்தார். அவர் நகைத்ததிலும் ஓர் உண்மை உண்டு. மூட்டை மூட்டையாக நாம் வாங்கும் யூரியாவிலுள்ள நைட்ரஜன், காற்றிலிருந்து பிரித்தெடுத்ததுதான்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அக்கட்டை அவிழ்த்து அம்மோனியா ஆக்கும் வழியை 1909-இல் ஜெர்மானியரான ஹாபர் காட்டினார். ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம், 500 பாகைக்கு மேற்பட்ட வெப்பம், அவற்றோடு ஒரு வினையூக்கியும் அவருக்கு வேண்டியிருந்தன. 1971-இல் உற்பத்தி தொடங்கிய நம் மணலி உரத்தொழிற்சாலையும் அந்த மரபில் வந்ததே.

இனி, நைட்ரஜனுக்குத் துணையாக வேறு தனிமம் எதுவும் இல்லையெனக் கொள்வோம். 1992-இல் அமெரிக்காவில் மெயில்ஹியட், யாங், மக்மஹன் என்னும் மூவர் கணக்கிட்டுச் சொன்னார்கள்: ஏறத்தாழ 5 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில், ஒவ்வோர் அணுவும் அண்டை அணுக்கள் மூன்றோடு ஒற்றைக் கை கோத்து நிற்கும் படிகமே நைட்ரஜனுக்கு உகந்த நிலையாகும். அது மீண்டும் வாயுவாகுங்கால் வெளிப்படும் ஆற்றல், நாமறிந்த வெடிமருந்துகளை விஞ்சும். எஞ்சுவதோ வெறும் காற்று!

கணக்கு முடிந்தது, பொருள் கிட்டவில்லை. 2001-இல் வெளியான ஒரு சோதனையில் எரெமெட்ஸ் குழுவினர் வைர முனைகள் இரண்டின் இடையே நைட்ரஜனை வைத்து, வெப்பமூட்டாமல், 24 லட்சம் வளிமண்டலம் வரை நெருக்கினர். கறுத்த பொருளொன்று வந்தது. ஆயினும் அதில் படிக ஒழுங்கு இல்லை. ஏன்? எந்த நிலை உகந்தது என்பதைத்தான் கணிப்பு கூறிற்று. அந்நிலைக்குச் செல்லும் வழியில் நிற்கும் மேட்டைக் கூறவில்லை. அந்த மூன்று பிணைப்புக் கட்டை அவிழ்க்காமல் புதிய கை கோப்பது எங்ஙனம்? அதற்கு வெப்பம் வேண்டும்.

2004-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அதே எரெமெட்ஸ் குழுவினர், 11 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில், வைரத்தினூடே லேசர் ஒளியைச் செலுத்தி 2,000 கெல்வினுக்கு மேல் சூடேற்றினர். கணித்த படிகம் அப்படியே தோன்றிற்று! பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு. கடல்சூழ வாழும் நமக்கு அந்த அழுத்தத்தின் அளவைச் சொல்வதானால், பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் என்னும் கணக்கில் அது 11,000 கிலோமீட்டர் ஆழக் கடல். பூமியின் விட்டமே 12,700 கிலோமீட்டர்தான்.

அழுத்தத்தைத் தளர்த்தி அதனை நம் வெளிக்குக் கொணர அச்சோதனையில் இயலவில்லை. ஆகவே கடைக்கார நண்பர் பொறுத்தருள வேண்டும். இன்று கணிப்போர், எது நிலைக்கும் என்பதோடு, எவ்வழியில் உருவாகும், எவ்வாறு சிதையும் என்பதையும் கணிப்பொறியில் தேடுகின்றனர்.

கல்பாக்கத்தில் நம்மவர்களும் வைர முனைக்கலத்தையும் லேசரையும் கொண்டு, ஏறத்தாழ 70,000 வளிமண்டலத்தில் மாலிப்டினத்தையும் நைட்ரஜனையும் நேரே சேர்த்து, 2012-இல் அதனை வெளியிட்டனர். அதில் மாலிப்டின அணு இரண்டுக்கு நைட்ரஜன் ஒன்றே. நைட்ரஜன் மிகுந்த பொருள் என அதைச் சொல்லலாகாது. ஆயினும் கருவி அதுவே, முறையும் அதுவே. நம் சங்கத்துப் பிள்ளைகளில் இயற்பியல் பயில்வோர் சென்னைக்குக் கப்பலேறும்போது, கல்பாக்கம் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை என்பதையும் நினைவில் கொள்க.