சாவி யார் கையில்?

நாளிதழில் பொடி எழுத்தில் கட்டம் கட்டமாக வரும் ஒரு பக்கத்தை நம்மில் பலர் படிக்காமலே திருப்பிவிடுவோம். கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன் போட்டவர் பெயர், சர்வே எண், நான்கு எல்லை, பாக்கித் தொகை என்று நிறைந்திருக்கும் வங்கி ஏல அறிவிப்பு அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அத்தான் அப்படி ஒரு கட்டத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மதுரைப் புறநகரில் மூன்று சென்ட் மனையில் தனி வீடு. ரிசர்வ் விலை 40 லட்சம். அதே தெருவில் அந்த அளவு வீடு 48 லட்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எட்டு லட்சம் மிச்சம். விக்கிறது பேங்க். வக்கீலை வச்சுப் பத்திரத்தைப் பார்க்காமலா கடன் கொடுத்திருப்பாங்க?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த எட்டு லட்சம் எங்கே போனது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன். இப்போது எங்காவது ஒரு வீட்டில் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அது உதவும் என்று நம்புகிறேன்.

வங்கிகள் இப்படி நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை ஏலம் விட வழிசெய்தது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். தவணை நின்று கடன் வாராக்கடன் ஆனதும், வங்கி கடனாளிக்கு 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பும். பணம் வராவிட்டால் சொத்தைச் சுவாதீனம் எடுத்ததாக அறிவிக்கும். இரண்டு நாளிதழ்களில் அதை வெளியிடும். பிறகு மதிப்பீட்டாளரை வைத்து விலை குறித்து, ஏல நாளை அறிவிக்கும். முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

இதில் 'சுவாதீனம்' என்ற சொல்லில்தான் அத்தான் தடுக்கி விழுந்தார். சுவாதீனம் இரண்டு வகை. வங்கி அதிகாரி வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்தால் அது அடையாளச் சுவாதீனம். வீட்டைக் காலி செய்து, பூட்டுப் போட்டு, சாவியை வங்கி வைத்திருந்தால் அதுதான் நேரடிச் சுவாதீனம். அறிவிப்பில் எது என்று ஒரு வரியில் அச்சாகியிருக்கும். அடையாளச் சுவாதீனத்தில் இருக்கும் வீட்டையும் ஏலம் விடலாம், சட்டத்தில் தடை இல்லை. அத்தான் கத்தரித்து வைத்த காகிதத்திலும் அந்த வரி இருந்தது. நாங்கள் இருவருமே படித்தோம். பொருள் புரியவில்லை.

ஏலம் இணையத்தில் நடந்தது. முன்வைப்புத் தொகையாக 10 சதவீதம் கட்டியிருந்தார். ரிசர்வ் விலைக்கு ஒரு படி மேலே கேட்டதிலேயே வீடு இவருக்கு விழுந்தது. வேறு யாரும் கேட்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலைநாளிலோ மொத்த விலையில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். முன்வைப்புத் தொகை அதில் சேரும். விற்பனை உறுதியான 15 நாளுக்குள் மீதி 75 சதவீதம். வங்கி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டலாம், அதற்கு மேல் கிடையாது. தவறினால் கட்டிய பணம் போய்விடும். இதில் இரக்கம் எதிர்பார்க்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், அப்படிக் கட்டத் தவறியவரின் 25 சதவீதம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது சரிதான் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் வீட்டுக்கடன் கிடைக்கும் என்று நம்பி ஏலத்தில் இறங்குகிறவர்கள், கடன் தரும் வங்கியிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். 15 நாளில் எல்லா வங்கியும் கடன் பாஸ் செய்துவிடாது. அத்தானுக்கு அக்காவின் நகைகள்தான் கைகொடுத்தன.

விற்பனைச் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது கடன் வாங்கியவர் அல்ல. ஒத்திக்கு இருந்த ஒரு குடும்பம். ஆறு லட்சம் கொடுத்து மூன்று வருஷ ஒத்திக்கு வந்தவர்கள். கடன் வாங்கியவர் வீட்டை அடமானம் வைத்திருப்பதையே இவர்களிடம் சொல்லவில்லையாம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம், பதிவு செய்யவில்லை. பதிவு செய்யாததால் வில்லங்கச் சான்றில் அது வரவும் இல்லை. அந்த வீட்டுப் பாட்டி எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "எங்க ஆறு லட்சத்துக்கு வழி சொல்லுங்க தம்பி, நாளைக்கே போயிடறோம்" என்றார். அதற்கு அத்தானிடம் பதில் இல்லை. வங்கியிடமும் இல்லை. ஏலப் பணத்தில் வங்கியின் பாக்கியும் செலவும் போக மிஞ்சுவது கடனாளிக்குத்தான் போகும். அங்கே மிஞ்சுவதற்கும் ஒன்றும் இல்லை.

இருப்பவர்கள் வெளியேறாவிட்டால் வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனுப் போட வேண்டும். 30 நாளில், காரணம் எழுதி நீட்டினால் 60 நாளில், உத்தரவு வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு தாண்டினாலும் ஆட்சியரின் அதிகாரம் போய்விடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் காத்திருக்க வேண்டியதுதான். இடையில் கடனாளியோ குடியிருப்பவரோ கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் அவை இருக்கின்றன. நோட்டீஸ் கொடுத்ததிலோ விளம்பரம் செய்ததிலோ வங்கி ஒரு படியைத் தவறவிட்டிருந்தால் ஏலமே ரத்தாகலாம். நாம் செய்யாத தவறுக்காக, வாங்கிய வீடு கையை விட்டுப் போகும்.

அத்தான் வீடு ரத்தாகவில்லை. ஆனால் சாவி கைக்கு வர 14 மாதம் ஆனது. 40 லட்சத்துக்கு வருஷம் 9 சதவீதம் என்று வைத்தால் மாதம் 30,000. 14 மாதத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். அதே காலத்தில் அவர் இருந்த வீட்டுக்கு வாடகை மாதம் 12,000; மொத்தம் 1 லட்சத்து 68 ஆயிரம். சரியான பராமரிப்பு இல்லாமல் கிடந்ததால் மோட்டார், ஒயரிங், மாடித் தளம் என்று ஒன்றரை லட்சம். இதுவே 7 லட்சத்து 38 ஆயிரம். இதற்கு மேல் வக்கீல் பீஸ், பழைய வீட்டு வரி, மின்கட்டணப் பாக்கி.

மின்கட்டணப் பாக்கி என்று சொன்னதும் சிலர், அது பழைய ஆள் கட்ட வேண்டியதுதானே என்பார்கள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை விரிவாகப் பார்த்தது. விதிகள் இடம் கொடுத்தால், முந்தைய பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம் கேட்கலாம் என்று சொன்னது. ஏல அறிவிப்பில் 'உள்ளது உள்ளபடியே' என்று ஒரு வாசகம் இருக்குமே, அதற்குள் இதெல்லாம் அடக்கம். அடுக்குமாடி வீடென்றால் சங்கத்தின் பராமரிப்புப் பாக்கியும் சேரும்.

பத்திரத்தை வங்கி வக்கீல் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் பார்த்தது கடன் கொடுத்த நாளில். அதற்குப் பிறகு பல வருஷம் ஓடியிருக்கும். பாகப்பிரிவினை கேட்டு ஒரு தங்கை வழக்குப் போட்டிருக்கலாம். பட்டாவில் இன்னும் தாத்தா பெயர் இருக்கலாம். விவசாய நிலத்துக்குச் சர்ஃபாசி சட்டம் பொருந்தாது. மனை அங்கீகாரம் இல்லாமல் புஞ்சையில் கட்டிய வீடென்றால் அந்தக் கேள்வியையே வைத்து வழக்குப் போடலாம். தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கி, நம் சொந்தச் செலவில், நம் வக்கீலிடம் கொடுத்துப் பார்ப்பதற்குச் சில ஆயிரம்தான் ஆகும். தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் கடனாளியின் பெயரைப் போட்டு வழக்கு இருக்கிறதா என்று பார்க்கக் காசே வேண்டாம்.

ஏல வீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. வங்கி பூட்டுப் போட்டு வைத்திருக்கும் வீடுகள், வழக்கு இல்லாத வீடுகள் வருகின்றன. அவற்றுக்குப் போட்டி அதிகம், விலையும் அவ்வளவு குறையாது. அந்த விலை வித்தியாசம் ஏன் சுருங்குகிறது என்பதை அத்தானின் 14 மாதம் எனக்குப் புரியவைத்தது.

அந்தப் பாட்டியின் குடும்பம் ஆறு லட்சத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பப் பெறவில்லை. காலி செய்த அன்று அத்தான் வண்டி வாடகையைத் தானே கொடுத்தார். அதைத்தான் தன்னால் செய்ய முடிந்தது என்று இன்றும் வருத்தப்படுகிறார்.

போன மாதம் தன் நண்பருக்காக அவர் இன்னொரு அறிவிப்பைப் பார்த்து வங்கிக்கு ஃபோன் செய்தார். விலையைக் கேட்கவில்லை. "சாவி உங்க கையில இருக்கா சார்?" என்றார். "குடியிருக்காங்க." "கலெக்டர்கிட்ட மனு எந்தத் தேதியில போட்டீங்க?" "இன்னும் போடலை சார்." அத்தான் நன்றி சொல்லி வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் புறப்பட்டார், உள்ளே இருப்பது யார் என்று பார்த்துவர.