போதையின் துயரும் பாடலின் ‘நான்’ என்னும் சொல்லும்



போதைப்பழக்கத்தைப் பற்றி வகுப்பறையில் எழுதப்படும் கட்டுரை பெரும்பாலும் படர்க்கையிலேயே அமைகிறது. ‘அவர்கள் சீரழிகிறார்கள்’ என்று முடிகிறது. எச்சரிக்கைப் பலகைகளோ முன்னிலையில் நின்று ஆணையிடுகின்றன. பாடல்கள் எவ்விடத்தில் நின்று பேசுகின்றன? மூன்று ஆங்கிலப் பாடல்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, லூ ரீட் இயற்றி, வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவினர் 1967-இல் வெளியிட்ட ‘ஹெராயின்’. ஊசி ஏற்றிக்கொள்பவரே இங்குத் தன்மையில் பேசுகிறார். மெல்லத் தொடங்கும் இசை வரவர விரைந்து, பின் தளர்கிறது. போதை ஏறுவதும் இறங்குவதும் தாளத்திலேயே கேட்கின்றன.

இரண்டாவது, ஜான் லெனன் 1969-இல் வெளியிட்ட ‘கோல்ட் டர்க்கி’. போதைப்பொருளைத் திடீரென நிறுத்துவதைக் குறிக்கும் ஆங்கில வழக்கே இதன் தலைப்பு. காய்ச்சலும் உடல்வலியும் உறக்கமின்மையும் தன்மையில் சொல்லப்படுகின்றன. இறுதியில் சொற்கள் நின்றுபோய், முனகலும் அலறலுமே எஞ்சுகின்றன. வேதனை முற்றியவிடத்து வாக்கியம் சிதைந்து, வெறும் ஒலி நிற்கிறது.

மூன்றாவது, நீல் யங்கின் ‘தி நீடில் அண்ட் த டேமேஜ் டன்’. 1972-இல் வந்த ‘ஹார்வெஸ்ட்’ இசைத்தொகுப்பில் உள்ளது. ஏறத்தாழ இரண்டு நிமிடம். ஒரே ஒரு கித்தார். இங்கு ‘நான்’ என்பவர் போதையுற்றவர் அல்லர். அருகில் நின்று காணும் தோழர். யங்குடன் இசைத்த டேனி விட்டன் ஹெராயினுக்கு ஆட்பட்டிருந்தார். 1972 நவம்பரில், 29ஆம் வயதில் மறைந்தார். தொகுப்பிலுள்ள பாடலோ 1971 ஜனவரியிலேயே மேடையில் பதிவாகிவிட்டது. ஆதலின் இஃது இரங்கற்பா அன்று; உயிரோடிருப்பவரைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருப்பவரின் குரல். குடும்பங்கள் படும் துயரும் இத்தகையதே.

‘அவர்கள்’ என்று எழுதும் மாணவருள் ஒருவரின் தமையனோ தந்தையோ அச்சொல்லுக்குள் இருக்கலாம். அப்போது அப்படர்க்கை அம்மாணவரின் வீட்டையே நம் வட்டத்திற்கு வெளியே தள்ளிவிடுகிறது. ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பதை, தமிழ் ‘நாங்கள்’ என்றும் ‘நாம்’ என்றும் பிரித்துச் சொல்கிறது. கேட்பவரை விலக்குவது முன்னது, உளப்படுத்துவது பின்னது.

ஆசிரியர்களே, அடுத்த முறை இத்தலைப்பைக் கொடுக்கும்போது, போதையுற்றவரின் தங்கையாகவோ நண்பராகவோ நின்று, தன்மையில் எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே, ‘அவர்கள்’ என்று எழுதுமுன், அங்கு ‘நாம்’ பொருந்துமா என்று எண்ணிப் பாருங்கள்.