வாப்பிட்டி விமானமும் ஏழிலைப்பாலைக் கிளையும்

1933-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், கராச்சியின் டிரிக் ரோடு விமானத்தளத்தில் இந்திய விமானப்படையின் முதலாம் அணி தோன்றியது. அன்று அதன் வசமிருந்தவை வெஸ்ட்லாண்ட் வாப்பிட்டி என்னும் இரட்டைச் சிறகு விமானங்கள் நான்கே. 1954-இல் படைத்தலைமை ஏற்ற முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜியும் அவ்வணியில் பறந்தவரே. தில்லியின் பாலம் பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு வாப்பிட்டியைக் கண்டு திரும்பிய மாலையே, அதனை மரத்தில் சமைத்து எங்கள் நவராத்திரிக் கொலுவில் வைப்பதென்று உறுதிகொண்டோம்.

அளவு, எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடி ஓரங்குலமாகும், கணக்குக்கு எளிது. 46 அடி 5 அங்குலம் விரிந்த சிறகு ஏழேமுக்கால் அங்குலத்துள் அடங்கிவிடும்.

மேல்நாட்டார் இதற்குப் பால்சா மரத்தை நாடுவர். நமக்கு அது வேண்டுவதில்லை. மைசூர்ச் சீமையின் சென்னப்பட்டணத்தில் பொம்மை கடைவது வெட்பாலை மரத்தில். ஆந்திரத்துக் கொண்டபள்ளியில் பொனிகி மரத்தில். எவ்வூரிலும் பொம்மைத் தச்சரைக் கேட்டால் உரிய மரம் தெரிந்துவிடும். எமக்கு வாய்த்தது, மழைக்காற்றில் முறிந்து தெருவில் வீழ்ந்த ஏழிலைப்பாலைக் கிளை. முற்காலத்தில் பள்ளிச் சிறாரின் எழுதுபலகைக்குப் பயன்பட்ட மென்மரம் அது.

உடற்பகுதிக்கு இரு கட்டைகளை, இடையே காகிதம் வைத்து, வச்சிரத்தால் ஒட்டிச் செதுக்கவேண்டும். வடிவம் அமைந்தபின் கத்தி நுனியை நுழைத்தால் காகிதம் கிழிந்து இரண்டும் பிரியும். உள்ளே குடைந்து, விமானிக்கும் பின்னிருக்கும் துப்பாக்கி வீரருக்கும் இடம் அமைத்து மீண்டும் ஒட்டலாம். ஜூபிடர் எஞ்சினுக்கு ஒன்பது உருளைகள், நாற்பது பாகைக்கு ஒன்றாக வட்டமிட்டு நிற்பவை. சிறு குச்சிகளில் தையல் நூலை நெருக்கிச் சுற்றினோம். உருளையைக் குளிர்விக்கும் உலோக விளிம்புகள் அப்படியே வந்துவிட்டன. இவ்வேலையில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

சிறகில்தான் இடறினோம். கொலுவுக்கு நான்கு நாள் இருக்கையில், மழை ஓய்ந்த வறண்ட காற்றில், மேற்சிறகு வாழைச்சருகுபோல் முறுக்கிக்கொண்டது; மூங்கில் சிம்பால் செய்த தாங்குகால்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பச்சை மரத்தை இழைத்தது எம் பிழை. ஆவி காட்டினோம், பாரம் ஏற்றினோம், நிமிரவில்லை. இரண்டு மாத உழைப்பை உடைத்துப் பிரித்தோம். அவ்வாண்டுக் கொலுவில் விமானத்தளம் இருந்தது, விமானம் இல்லை. வீட்டுப் பிள்ளைகள் அவ்விடத்தில் ஒரு மாட்டுவண்டியை நிறுத்திவிட்டார்கள்.

மிஞ்சிய மரத்தைப் பரண்மேல் பத்து மாதம் உலரவிட்டு மறுபடியும் தொடங்கினோம். இம்முறை சிறகுகள் நேராக நின்றன. துணியடியில் தெரியும் விலா வரிகளுக்குப் பள்ளம் தோண்டாமல், மெல்லிய காகிதக் கீற்றுகளை ஒட்டி வண்ணம் தீட்டினோம். இவ்வளவு சிறிய அளவில் ஆழப் பள்ளமிடுவோர் விமானத்தைக் கூரைத் தகடாக்கிவிடுகிறார்கள் என்பது எம் கருத்து. சிறகுகளைப் பிணைக்கும் கம்பிகள்? கால் அங்குலக் கம்பி இவ்வளவில் தலைமயிரளவே ஆகும். ஆகவே வீட்டுப் பாட்டியின் நரைமுடியையே கேட்டு வாங்கினோம். வெள்ளி நிறம் பூசவும் தேவையிருக்கவில்லை.

கொலுவுக்கு வந்தவர்களிடம் பாட்டி விமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; கம்பிகளை மட்டுமே காட்டினார்.