குப்பைமேடு பூங்காவான வரலாறு

 

சென்னையில் அடையாறு கடலில் சேரும் இடத்தருகே ஓர் உப்பங்கழி உண்டு. பல ஆண்டுகள் அதில் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டன. பிறகு அரசு முன்வந்து, 58 ஏக்கரில் குப்பையை அகற்றி, நீர் நிற்க வழிசெய்து, அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டது. 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாக அது திறக்கப்பட்டது. பறவைகள் திரும்பி வந்தன.

இது ஊஞ்சலாடும் பூங்கா அல்ல. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, சதுப்புநிலம் என்றால் என்னவென்று கண்ணெதிரே காட்டிக் கற்பிக்கிறார்கள். சதுப்புநிலம் மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும். அதை மூடினால் அந்த நீர் வீட்டுக்குள்தான் வரும். நீர்நிலைகளை இழந்த சென்னை 2015 டிசம்பரில் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

அழிந்ததை மீட்கப் பெரும் பணமும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. இருப்பதைக் காக்க நம் கவனமே போதும். நிக்காஹ் விருந்து முடிந்ததும் பிளாஸ்டிக் தம்ளர்களும் மிச்ச உணவும் எங்கே போகின்றன? குளக்கரைக்குத்தானே? அடுத்த விருந்திலேயே அதை நிறுத்துவோம். பிள்ளைகளை ஒருமுறை அந்தப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறகு அவர்களே நமக்குச் சொல்லித் தருவார்கள்.